நாற்பத்தொன்றும் அறுபத்தேழும்

வாங்குவது ஒரே ஒரு ரயில் எஞ்சின். அதற்கு ஏழாம் நம்பர் போடச் சொன்னார் சிமெண்ட் கம்பெனி மேனேஜர். ஒன்று என்று போட்டால் கம்பெனிக்கு இதுதான் முதல் எஞ்சின் என்று ஊருக்கே தெரிந்துவிடுமாம். ஏழு என்றிருந்தால் மீதி ஆறும் ஃபேக்டரிக்குள் எங்கோ ஓடிக்கொண்டிருப்பதாகப் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்களாம். எட்டு மட்டும் வேண்டவே வேண்டாம் என்று முதலாளியின் ஜோசியர் சொல்லியிருந்தார். நிறத்துக்கும் இதே பாடுதான். முதலில் சிவப்பு என்றார்கள். தீயணைப்பு வண்டி என்று நினைத்துவிடுவார்கள் என யாரோ சொன்னதும் நீலத்துக்கு மாறினார்கள். நீலம் ரயில்வேக்காரர்களின் நிறம், செகண்ட் ஹேண்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்றார் முதலாளியின் மனைவி. கடைசியில் ஆரஞ்சு, நடுவில் வெள்ளைப் பட்டை என்று முடிவானபோது பெயிண்ட் அடிக்கப்போகிற நாகஜோதியின் கையில் நிறம் காட்டுகிற ஷேடு கார்டு கிழிந்து போயிருந்தது.

அவள் இதையெல்லாம் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். சிரித்தால் வேலை கைவிட்டுப் போய்விடும் என்ற பயம் இருந்தது.

நாகஜோதி பி.காம். படித்துவிட்டு கோரிப்பாளையத்தில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். பில் போடுகிறவளுக்குச் சம்பளம், பெயிண்ட் அடிக்கிறவனுக்குக் கூலி, காண்ட்ராக்ட் எடுக்கிறவனுக்கு மட்டும் கார் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு நாள் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். பரவையில் ஐந்தாறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு பள்ளிக்கூட காம்பவுண்டு, மில் ஷெட்டு, ஆம்னி பஸ் என்று எது கிடைத்தாலும் அடித்தாள். பொம்பளைகள் சாரத்தில் ஏறுவார்களா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் பதில் சொன்னதில்லை. ஏறி அடித்துவிட்டு இறங்குவாள்.

அழகுராஜாவின் பட்டறை, பரவை மார்க்கெட்டைத் தாண்டி, திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே போகிற மண்பாதையில் இருக்கிறது. ரயில்வே ஏலத்தில் விடுகிற பழைய டீசல் எஞ்சின்களை எடுத்து, பிரித்து, சரிசெய்து, சிமெண்ட் ஃபேக்டரிக்கும் கல்குவாரிக்கும் விற்பது அவர் தொழில். அங்கே பழைய பெயிண்டைச் சுரண்டுகிற வேலை மட்டும்தான் இத்தனை நாளும் நாகஜோதிக்குக் கிடைத்தது. புதுசாக அடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பார்ட்டி வரும். சுரண்டின தூசி இவர்களுக்கு, பளபளக்கிற பெயிண்டும் பாராட்டும் அவர்களுக்கு. இந்த வண்டியைத்தான் அழகுராஜா முதல்முறையாக முழுசாக அவளிடம் கொடுத்திருந்தார். இது நன்றாக வந்தால் இந்த வருடம் வரப்போகிற ஆறு வண்டியும் அவளுக்கே என்று எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விருந்தாளி முன்னால் தலைகுனிய மட்டும் அவரால் முடியாது.

இந்த முறை ஏலத்திலிருந்து எஞ்சின்கள் ஜோடியாகத்தான் வந்தன. ஒரே அச்சு, ஒரே வயசு. ஐந்து இலக்க நம்பரில் கடைசி இரண்டைச் சொல்லித்தான் பட்டறையில் வண்டியைக் கூப்பிடுவார்கள். ஒன்று நாற்பத்தொன்று, இன்னொன்று அறுபத்தேழு. வந்த உடனே பட்டறை இன்ஜினியர் ஷெரின் இரண்டின் அடிச்சட்டத்தையும் சோதித்தாள். அறுபத்தேழில் பின்சக்கரத்துக்கு மேலே விரிசல் இருப்பதைக் கண்டுபிடித்து, இது ஓட லாயக்கில்லை, பாகங்களுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தொன்றுக்கு நல்ல சர்டிபிகேட் கொடுத்தாள். அதைத்தான் சிமெண்ட் கம்பெனி வாங்கியது.

இதில் நம்பருக்கு என்ன அவ்வளவு மரியாதை என்று கேட்கலாம். ஏலம் விடும் முன்பே வண்டியிலிருந்த தகடுகளையெல்லாம் கழற்றியிருந்தார்கள். மிச்சமிருந்த அடையாளம் உடம்பில் பெயிண்டால் எழுதின நம்பர் ஒன்றுதான். அதனால் அழகுராஜா பட்டறையில் ஒரு முறை உண்டு. வாங்குகிறவர் கேட்கிற புது நம்பரைப் பெரிதாக எழுதுவார்கள், அதன் காலடியில் பழைய நம்பரைச் சின்னதாக எழுதுவார்கள். சர்டிபிகேட், பில், ரோட்டில் காட்டுகிற பேப்பர் எல்லாமே அந்தச் சின்ன நம்பரின் பேரில்தான்.

பழசைச் சுரண்டி, புதுசு ஏறாமல் இருக்கிற இடைக்காலத்தில்தான் சிக்கல். அப்போது வண்டிக்குப் பேரே கிடையாது. நாகஜோதியின் ஆட்களில் மூத்தவளான பாண்டியம்மாளுக்கு இது ஆகவே ஆகாது. நாகஜோதிக்கு அவள் சின்னம்மா முறை. பேரில்லாமல் ஒரு வண்டியை ராத்திரி நிறுத்திவைப்பது, பேர் வைக்காத பிள்ளையைத் தனியாகப் படுக்கப்போடுகிற மாதிரி என்பாள். சுரண்டி முடித்த அன்றைக்கே சாக்பீஸ் எடுத்து, பழைய நம்பரை அது இருந்த இடத்திலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் கையைக் கழுவுவாள். மெக்கானிக்குகள் முதலில் கிண்டல் செய்தார்கள். பிறகு அவர்களும் அந்தச் சாக்பீஸ் எழுத்தைப் பார்த்தே வேலை செய்யப் பழகிக்கொண்டார்கள். பட்டறையில் அதுவே சட்டமாகிவிட்டது.

வண்டியை அனுப்புகிற வெள்ளிக்கிழமையும் வந்தது. ராகுகாலத்துக்கு முன்னால் வண்டி கேட்டைத் தாண்டியாக வேண்டும் என்று அழகுராஜா காலையிலேயே வெள்ளை வேட்டியில் நின்றார். ஸ்பீக்கரில் பக்திப் பாட்டு. வாசலில் வாழைமரம். மேனேஜர் நான்கைந்து பேரோடு காரில் வந்து இறங்கி, ஆரஞ்சு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி செல்ஃபி எடுத்துக்கொண்டார். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. வெள்ளைப் பட்டை நூல் பிடித்த மாதிரி ஓடியது. கேபினின் இரண்டு பக்கமும், முன்னாலும் பின்னாலும் பெரிய ஏழு, அதன் கீழே சின்னதாக நாற்பத்தொன்றில் முடிகிற பழைய நம்பர். நாகஜோதிக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் பார்க்காதபோது ஏழின் வளைவைத் தொட்டுப் பார்த்தாள்.

அதை ஓட்டப்போகிற வீரணனும் வந்திருந்தான். உசிலம்பட்டிப் பக்கத்து ஆள். குவாரியிலிருந்து சுண்ணாம்புக் கல் ஏற்றின வேகன்களைச் சரிவில் ஃபேக்டரிக்கு இறக்கிக்கொண்டுவருவது அவன் வேலை. இத்தனை வருடமும் வாடகை எஞ்சினை ஓட்டியவனுக்குச் சொந்தக் கம்பெனி வண்டி என்றதும் தலைகால் புரியவில்லை. மாலையும் எலுமிச்சம்பழமுமாக வந்தவன் கேபினில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றான். ஏழாம் நம்பருக்கு அண்ணன்மார் ஆறு பேரும் எங்கே என்று வேறு மேனேஜரைச் சீண்டிக்கொண்டிருந்தான்.

வண்டியை ஏற்றிப்போக நீளமான டிரெய்லர் வந்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது அதில் தொங்கின சங்கிலி ஆடி, எஞ்சினின் படிக்குக் கீழே ஒரு உரசு உரசிவிட்டது. பெரிய காயமில்லை, விரல் நீளம்தான் இருக்கும். நாகஜோதி டிரைவரைத் திட்டிக்கொண்டே ஒரு டப்பா பெயிண்டும் சின்ன பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு கீழே குனிந்தாள்.

உரசின இடத்தில் ஆரஞ்சு போயிருந்தது. அதற்கடியில் சாம்பல் நிறப் பிரைமரும் போயிருந்தது. அதற்கும் அடியில் ஒரு கீற்றுப் பச்சை தெரிந்தது.

பிரஷ் டப்பாவிலேயே நின்றுவிட்டது. ரயில்வேயில் ஒவ்வொரு ஷெட்டும் தன் வண்டிக்குத் தனக்குப் பிடித்த நிறத்தை அடிக்கும். ஷெட்டு மாறினால் பழசுக்கு மேலேயே புது நிறம் ஏறும். நாற்பத்தொன்று காலம் முழுக்க நீல வண்டி, அதற்கு அடியில் பழுப்பு. அறுபத்தேழுதான் பச்சை; பாகங்களுக்கு வைத்தாலும் துருப்பிடிக்காமல் இருக்க அதையும் சுரண்டிப் பிரைமர் அடித்திருந்தார்கள். அந்தப் பச்சையைச் சுரண்டினபோது ஒரு வாரத்துக்கு மூக்கைச் சிந்தினால் பச்சையாக வந்ததும், பாண்டியம்மாளின் நைலக்ஸ் சேலை ஒன்று வீணாகப்போனதும், அந்தச் சேலைக்காக அவள் அழகுராஜாவிடம் சண்டைக்கு நின்றதும் நாகஜோதிக்கு நன்றாக நினைவிருந்தது. படிக்குக் கீழே மாதிரி இடுக்குகளில் கிரைண்டர் எட்டாது. அங்கே சொரசொரப்பாக்கிவிட்டு மேலேயே பிரைமர் அடித்துவிடுவார்கள். அந்த இடுக்கில் மிச்சமிருந்த பச்சைதான் இப்போது அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இல்லை, இருக்காது என்று எழுந்து, கொட்டகைக்குப் பின்னால் அறுபத்தேழு என்று எழுதி ஒதுக்கிவைத்திருந்த வெறும் எஞ்சின் கூட்டின் படிக்குக் கீழே பிளேடை வைத்துச் சுரண்டினாள். பிரைமர் உதிர்ந்தது. உள்ளே நீலம்.

பாண்டியம்மாளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டாள். சாக்பீஸ் நம்பர் எப்போதாவது அழிந்ததா?

"ஒரு நா மழையில போச்சுல்லத்தா. காலையில வந்து பாத்தா ரெண்டும் மொட்டையா நிக்குது. நாந்தான் திருப்பி எழுதுனேன்."

"எதப் பாத்து எழுதுன சின்னம்மா?"

"எதப் பாக்க? குழி மேல நிக்கிறது அறுபத்தேழு, வெளித் தண்டவாளத்துல நிக்கிறது நாப்பத்தொண்ணு. வந்த நாளையில இருந்து அப்படித்தான நிக்குது."

அங்கேதான் எல்லாம் கவிழ்ந்திருந்தது. வேலைக்காரர்கள் கீழே இறங்கி நிற்கிற குழிக்கு மேல் நாற்பத்தொன்றைக் கொண்டுவர வேண்டும் என்று, மழைக்கு முந்தின சாயங்காலம் வாடகைக் கிரேன் வந்து இரண்டு கூட்டையும் இடம் மாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தது. பாண்டியம்மாள் அன்றைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள், அவளுக்கு அது தெரியாது. காலையில் வந்தவள் பழைய இடத்தை வைத்து எழுதினாள். மெக்கானிக்குகள் வந்து பார்த்தால் குழிக்கு மேல் அறுபத்தேழு என்றிருந்தது. காசு வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் போய்விட்டான் என்று கிரேன்காரனுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். மாற்றிவைத்துவிட்டுத்தானே போனேன் என்று அவன் தலையில் அடித்துக்கொண்டது யார் காதிலும் ஏறவில்லை. எழுதியிருக்கிறதே, எழுத்து பொய் சொல்லுமா? அவனையே வரவழைத்து, நல்ல வண்டியைத் தூக்கி வெளியே வைத்து, விரிசல் விட்டதைக் குழிக்கு மேல் இறக்கி, அதற்குள் புது சாமான்களையெல்லாம் ஏற்றினார்கள். நாகஜோதி அதற்குத்தான் ஆரஞ்சு அடித்தாள்.

பாண்டியம்மாளுக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. விளங்கியதும் அப்படியே டயர் மேல் உட்கார்ந்துவிட்டாள். தான் போய் அழகுராஜாவிடம் ஒப்புக்கொள்வதாகச் சொன்னாள். நீ எழுதினாய், நான் ஏன் என்று கேட்காமல் அதன் மேல் பெயிண்ட் அடித்தேன், இதில் ஆளுக்குப் பாதி என்று நாகஜோதி அவளை எழுப்பிவிட்டாள்.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு தொடு தொட்டால் அந்தப் பச்சைக் கீற்று மறைந்துவிடும். வண்டி போய்விடும், ஆறு வண்டி வரும். பாண்டியம்மாள் உட்பட ஐந்து வீட்டில் வருடம் முழுக்க அடுப்பெரியும். இதெல்லாம் நாகஜோதியின் மனசில் ஓடாமல் இல்லை. நிச்சயமாக ஓடியது. அப்போது கேபினிலிருந்து வீரணன் ஹாரனை அடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவள் ஷெரினைத் தேடிப் போனாள்.

விஷயத்தைக் கேட்டு ஷெரின் தடுமாறவில்லை. விரிசல் எந்த இடம் என்று தனக்குத் தெரியும், பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்டைச் சுரண்டிக் கொடுத்தால் மருந்தடித்து ஒரு மணி நேரத்துக்குள் சொல்லிவிடலாம் என்றாள். இரண்டு பேருமாக ஆபீஸ் அறைக்குள் போய் அழகுராஜாவிடம் சொன்னார்கள். அவர் கதவைச் சாத்திவிட்டு முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஜன்னல் வழியாக மேனேஜரைப் பார்த்தார்.

மாலை போட்ட வண்டியை விருந்தாளி கண்ணெதிரே சுரண்டுவதா என்றார். நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்றார். வண்டி போய்ச் சேரட்டும், அடுத்த வாரம் ஷெரின் அங்கேயே போய்ச் சத்தமில்லாமல் பார்த்துவிட்டு வரட்டும் என்றார். அதற்குள் ஓட்டினால்? என்று நாகஜோதி கேட்டாள். ஒரு வாரத்தில் ஒன்றும் ஆகிவிடாது என்றார். கல் ஏற்றின வேகன், சரிவு, வீரணன் என்று அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஷெரினும் சர்டிபிகேட்டைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"சர்டிபிகேட்டுல நாப்பத்தொண்ணுன்னு இருக்கு. வண்டியில நாப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. எழுதுனது நீ. இதுல நான் என்னத்தா செய்ய?"

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை நாகஜோதிக்குச் சரியாகப் பட்டது. எழுதினது அவள்தான்.

வெளியே வந்து கிரைண்டரை எடுத்தாள். வயரை இழுத்துச் சொருகினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கேபின் பக்கத்திலிருந்த ஏழின் மேல் கிரைண்டரை வைத்தாள். பக்திப் பாட்டை மீறிக்கொண்டு அது அலறியது. ஆரஞ்சுத் தூள் புகையாகப் பறந்து மேனேஜரின் சட்டையில் படிந்தது. பெரிய ஏழு போனது. கீழே இருந்த சின்ன நம்பரும் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. வெறும் இரும்பு பளிச்சென்று தெரிந்தது. எல்லோரும் முதலில் இதையும் ஒரு சடங்கு என்றே நினைத்துவிட்டார்கள். அழகுராஜா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்த பிறகுதான் சடங்கு இல்லை என்று புரிந்தது.

அவர் நிறுத்தச் சொன்னது அவள் காதில் விழுந்தது. நிறுத்தவில்லை. முன்பக்கத்துக்குப் போய் அங்கே இருந்த நம்பரையும் எடுத்தாள். இந்தப் பக்கம் ஓய்ந்தபோது எஞ்சினின் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு கிரைண்டரின் சத்தம் வந்தது. பாண்டியம்மாள். மற்றப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள், பிறகு ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனார்கள். அழகுராஜா போய் மெயின் சுவிட்சையே அணைத்தார். பாட்டு நின்றது, இரண்டு கிரைண்டரும் சுழன்று ஓய்ந்தன. பின்பக்கத்து நம்பர் ஒன்றுதான் பாக்கி. நாகஜோதி இடுப்பிலிருந்த பட்டை உளியை எடுத்து, ஏணியில் ஏறி, கையாலேயே சுரண்ட ஆரம்பித்தாள். அந்த அமைதியில் சரக் சரக்கென்ற அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. விரல் முட்டி உரசி ரத்தம் வந்தது. அதோடுதான் கடைசி எழுத்தையும் எடுத்தாள்.

டிரெய்லர் டிரைவர் தூரத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டான். பேப்பரில் நம்பர் இருந்து வண்டியில் இல்லையென்றால் கப்பலூர் டோல்கேட்டில் தன்னை உட்காரவைத்துவிடுவார்கள், இதை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டான். அவள் எதிர்பார்த்ததும் அதுதான்.

வீரணன் கேபினிலிருந்து இறங்கி வந்து ஏணிக்குக் கீழே நின்றான். அவன் முகத்தில் இப்போது விளையாட்டு இல்லை.

"எதுக்குத்தா அழிச்ச?"

"இது நல்ல வண்டியான்னு எனக்குத் தெரியலண்ணே. மாத்தி எழுதிப்புட்டோம்னு நெனைக்கிறேன். தெரியிற வரைக்கும் என் எழுத்து இதுல இருக்கக் கூடாது."

மேனேஜர் அழகுராஜாவைப் பார்த்தார். அழகுராஜா வாழைமரத்தைப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை என்று ஆனதும் ஷெரின் யாரிடமும் கேட்காமல் தன் பெட்டியை எடுத்து வந்து எஞ்சினுக்கு அடியில் புகுந்தாள். நாகஜோதி அவள் காட்டின இடத்தில் பெயிண்டை இரும்பு வரைக்கும் எடுத்துக் கொடுத்தாள். ஷெரின் அதைத் துடைத்து, ஒரு டப்பாவிலிருந்து சிவப்பு மருந்தைப் பீய்ச்சினாள். காத்திருந்தார்கள். மேனேஜரோடு வந்தவர்கள் வாழைமர நிழலுக்கு ஒதுங்கினார்கள், ராகுகாலம் தன்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தது. பிறகு ஷெரின் சிவப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, இன்னொரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை அடித்தாள். இரும்பு சுண்ணாம்பு அடித்த சுவர் போல வெளுத்தது.

விரிசல் இருந்தால் உள்ளே போன சிவப்பு வெள்ளையில் ஊறி வெளியே வரும் என்று ஷெரின் வீரணனுக்குச் சொல்லி முடிக்கவில்லை. மெல்லியதாக ஒரு கோடு கிளம்பியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சாண் நீளத்துக்கு ஓடி நின்றது. நாகஜோதிக்குத் தான் நினைத்தது சரி என்ற சந்தோஷம் துளியும் வரவில்லை. தன் கையால் இதற்கு அவ்வளவு அழகாக வெள்ளைப் பட்டை போட்டோமே என்று நினைத்தாள்.

இதோடு ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வீரணன் கேட்டான். ஷெரின் யோசித்துத்தான் பதில் சொன்னாள்.

"தெரியாதுண்ணே. பத்து வருசம் ஓடினாலும் ஓடும். மொத நாளே விட்டாலும் விடும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, தான் போட்ட மாலையைத் தானே கழற்றினான். மேனேஜர் ஓரமாகப் போய்த் தன் முதலாளியிடம் போனில் வெகுநேரம் பேசினார். திரும்பி வந்து, நல்ல வண்டி எதுவோ அதையே தயார் செய்து கொடுங்கள், காத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். ஆர்டர் போகவில்லை. ஆனாலும் அழகுராஜாவின் முகம் தெளியவில்லை. அவருக்குப் போனது வேறு.

"உள்ள வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

"சொன்னேண்ணே."

அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே, ஒற்றை வண்டியில் அவள் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்றும், செய்த வேலைக்குக் கணக்கை முடித்துக்கொள்ளலாம் என்றும், அடுத்த வண்டிக்கெல்லாம் கோயம்புத்தூர்க்காரர்களையே கூப்பிட்டுக்கொள்வதாகவும் சொன்னார். பெண்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. நாகஜோதிக்குக் கண் நிறைந்தது. ஆறு வண்டி, இவ்வளவு தூரம் வந்து போய்விட்டதே என்றிருந்தது. கெஞ்சினால் ஒருவேளை மனசு இரங்குவார். கெஞ்ச வரவில்லை.

அவள் ஷெரினிடம் போய், இரும்பில் நம்பரை ஆழமாகப் பதிக்கிற பஞ்ச் இருக்கிறதா என்று கேட்டாள். ஷெரின் பஞ்ச் பெட்டியையும் சுத்தியலையும் எடுத்து வந்தாள். கம்பெனிக்குப் போகப்போகிற நல்ல வண்டிக்குத்தான் நம்பர் வெட்டப்போகிறாள் என்று நினைத்து, பாண்டியம்மாள் கொட்டகைக்குப் பின்னால் இருந்த கூட்டைத் துடைக்கக் கிளம்பினாள். நாகஜோதி அவளைக் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஆரஞ்சு வண்டிக்கு அடியில் மறுபடி புகுந்தாள்.

கணக்கு முடிந்துவிட்டது என்று சொன்னேனே, இன்னும் அங்கே என்ன வேலை என்று அழகுராஜா கேட்டார்.

"நல்லதுக்கு யாரு வேணும்னாலும் நாளைக்கு எழுதிக்கிரட்டும்ணே. கெட்டதுக்கு இன்னைக்கே எழுதணும். எழுதிட்டுப் போறேன்."

அவர் தடுக்கவில்லை. சிவப்புக் கோட்டுக்கு ஒரு கை தள்ளி, அடிச்சட்டத்தின் தடித்த இரும்பில் அவள் அறுபத்தேழின் ஆறைப் பொருத்திப் பிடித்தாள். உள்ளே இருட்டாக இருந்தது. யாரோ பக்கத்தில் வந்து குனிகிற சத்தம் கேட்டது, செல்போன் டார்ச் எரிந்தது. வீரணன்.

"ஆழமா அடி ஆத்தா" என்றான். "நாளப்பின்ன யாரு எந்தக் கலர அடிச்சாலும், ஓட்டுறவன் கைய வச்சா தட்டுப்படணும்."

அவள் சுத்தியலை ஓங்கி அடித்தாள்.